பாப்பா சட்டையின் பொத்தான்

“எங்க ஊர்ல ஒரு தையல்காரன். அவன் தைக்கிற வேகத்துல ஊசிக்கே வேர்த்துக் கொட்டும். காலையில துணி கொடுத்தா, மத்தியானம் ஊரே புதுச் சட்டையில நிக்கும்!”

மருத்துவமனை வராந்தாவில் ஒரு பெரியவர், கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமலே கதை அளந்துகொண்டிருந்தார்.

மடியில் மகளோடு பக்கத்தில் இருந்த தையல்காரருக்கு எரிச்சலாக வந்தது. “அவனுக்கும் என் பொண்ணுக்கு இருக்கிற அதே வியாதியாக்கும்?”

“அதே பரம்பரை வியாதிதான் தம்பி. நெஞ்சுல ஓட்டை, ஒத்தைக் கிட்னி, ரெண்டு கையிலயும் கட்டைவிரல் கிடையாது. அஞ்சு வயசு தாண்டமாட்டான்னார் ஒரு டாக்டர். அவர் பேரனுக்குக் கல்யாணக் கோட்டு தைச்சதே இவன்தான்!”

“ஐயா, நான் இருபது வருஷமா தையல் மெஷினோட மல்லுக்கட்டுறவன். கட்டைவிரல் இல்லாம ஊசியைப் பிடிக்கவே முடியாது. இவ பென்சில் பிடிச்சாலே போதும்னு கிடக்கேன். ரீல் விடாதீங்க.”

“பாப்பா சட்டையில பொத்தான் தொங்குதே. தையல்காரர் பொண்ணுக்கே இந்தக் கதியா? ஊசி இருக்கா?”

தையல்காரர் தன் காலரில் நூலோடு குத்தி வைத்திருந்த ஊசியை நீட்டினார்.

பெரியவரின் கைகள் வெளியே வந்தன. கைக்கு நாலே விரல். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஊசி துள்ளி ஓடியது.

டாக்டர் அறையிலிருந்து வந்த தையல்காரரின் மனைவி கேட்டாள், “அட, பொத்தானைத் தைச்சிட்டீங்களா?”

“நான் இல்ல, ஐயாதான்.” மகளின் குட்டிக் கையைத் தையல்காரர் பொத்திப் பிடித்துக்கொண்டார். “கட்டைவிரல் இல்லாமலே தைச்சார். என் கண்ணால பார்த்தேன்.”