காற்றுக் குழாய்

“ஜீப்புக்கும் மூச்சு இருக்கு, மெகரு. காத்துக் குழாய்ல தூசியோ தண்ணியோ போனா என்ஜினே போயிடும். மழை வந்தா ஒரு துணிய அடைச்சு வைக்கணும்னு உனக்குத் தோணாதா?”

ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப்பைப் பரங்கிப்பேட்டையில் வாடகைக்கு ஓட்டிவந்த அப்துல் ஹக், மனைவியைக் கடிந்துகொண்டே குழாயைத் துடைத்தான்.

நிறைமாதக்காரி மெகருன்னிசா, பிறக்கப்போகும் பிள்ளைக்காகப் பழைய புடவையைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“மச்சானுக்கு அக்காவ விட ஜீப்புதான் உசுரு,” என்று சிரித்தான் அவள் தம்பி வதூது.

மறுநாள் விடியலில் மழையோடு வலியும் வந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். நினைவிழந்தவளைத் தூக்கிப் பின்னால் கிடத்தினார்கள்.

ஜீப் இருமியது; அணைந்தது. ஹக் பேட்டரியைப் பார்த்தான், பிளக்குகளைத் துடைத்தான், கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினான்.

“காத்துக் குழாயப் பாருங்க மச்சான்.”

“நேத்து என் கையால துடைச்சது. அதப் பாக்கவே வேணாம்.”

கடைசியில் மாட்டுவண்டி பிடித்தார்கள். அது முட்லூரைத் தாண்டுவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

அடக்கம் முடிந்து வந்த ஹக், காற்றுக் குழாயின் மூடியைத் திறந்தான். மூடிக்குக் கீழே, பிள்ளைக்காகக் கிழித்த புடவைத் துணி இறுக்கமாக அடைக்கப்பட்டிருந்தது.

“தண்ணி போயிருக்கா மச்சான்?” என்று பின்னாலிருந்து கேட்டான் வதூது.

ஹக் துணியை உருவிவிட்டு, குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

“இல்ல. ஒரு சொட்டு போகல.”