பொட்டு வைத்த பேட்டரி

"பேட்டரிக்குப் பொட்டு வெச்சது ஒரு குத்தமாய்யா? ஆயுத பூசைக்கு எங்க வீட்டுல மிக்ஸிக்கே பொட்டு வெப்போம்!"

படகின் மேல்தளத்தில் சோலார் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே என் மனைவி மங்கை, பேட்டரிக் கம்பெனியின் மெஷின் குரலோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், பெட்டியின் கண் மறைக்கப்பட்டது. யாரோ கழற்றுவதாக நினைத்து பேட்டரி பூட்டிக்கொண்டது."

"அதான் தொடைச்சாச்சே! தொறந்து விடு."

"எங்கள் ஆள் நேரில் பார்த்தால்தான் திறக்கும். ஒன்பது நாளில் வருவார்."

"நடுக்கடலுக்கா? நீந்தியா வருவாரு?"

பொட்டு வைத்தது நான்தான். அந்தக் கண்ணாடிப் புள்ளி பெட்டியின் நெற்றி மாதிரி நடுவில் இருந்தது, சந்தனத்தை அதன்மேலேயே வைத்துவிட்டேன்.

வெயில் கொளுத்துகிறது. ஆனால் நான்கு பேனலின் வயரும் பூட்டிய பெட்டிக்குள்தான் போகிறது. ஃபிரிட்ஜ் காலையிலேயே நின்றுவிட்டது. அதில் மங்கையின் மூன்று மாத இன்சுலின் இருக்கிறது. ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். அடுப்பு மாதிரி கொதிக்கிற கேபினில் அது எவ்வளவு நேரம் தாங்கும்?

படகு என்னுடையது, பேனல் என்னுடையது, வெயில் யாருடையதும் இல்லை. எங்களைத் திருடர்கள் என்று நினைக்க அந்தப் பெட்டிக்கு யார் உரிமை கொடுத்தது?

மோட்டாரும் ஓடவில்லை. பாய் விரித்துக் கோடியக்கரைக்குத் திரும்புகிறோம். ஆறு மணிக்குள் வந்துவிடுவோம். கரைக்குப் பக்கத்தில் யார் வீட்டிலாவது ஃபிரிட்ஜில் கொஞ்சம் இடம் இருந்தால், தயவுசெய்து இப்போதே இந்தப் பதிவின் கீழே பதில் போடுங்கள்.