ஸ்டிபுலேட்

“நான் ஸ்டிபுலேட் பண்ணுறது இதுதான்,” என்றான் கதிரவன், மாமனார் ஊர்க் கூட்டத்தைப் பார்த்து. “பானுப்பிரியா இனிமே பட்டாசு ஆபீசுக்கு வேலைக்குப் போகக் கூடாது. அம்மா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. நான் கை நீட்டுனாலும் வெளிய சொல்லக் கூடாது. சரின்னா கூட்டிட்டுப் போறேன்.”

“அதென்ன மாப்பிள்ள, ஸ்டிபுலேட்டு?” என்றார் நாட்டாமை ஊர்க்காவலன்.

சிவகாசியில் பிறந்து வளர்ந்து, அங்கேயே இங்கிலீஷ் டியூஷன் நடத்தும் கதிரவனுக்கு உற்சாகம் பொங்கியது.

“நிபந்தனை போட்டு ஒப்பந்தம் பேசுறது. அந்தக் காலத்து ரோமாபுரியில ஒரு வைக்கோலை முறிச்சு ஆளுக்குப் பாதி வச்சுக்கிட்டா பேச்சு உறுதியாம். அதுல பிறந்த வார்த்தை.”

ஓரமாக உட்கார்ந்திருந்த பானுப்பிரியா நிமிர்ந்தாள்.

“அதே மாதிரி முறிச்சு என் கையில குடுங்க. வாங்கிக்கிடுதேன்.”

பெண்டாட்டி வழிக்கு வந்துவிட்டாள் என்ற பெருமிதத்தோடு, கதிரவன் காலடியில் கிடந்த வைக்கோலை எடுத்து முறித்து, பாதியை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

ஊர்க்காவலன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“தீந்துபோச்சு. கெளம்புங்க தம்பி.”

“அவ வரலையா மாமா?”

“எப்படி வருவா? புருசன் துரும்பை முறிச்சுப் பெண்டாட்டி கையில குடுத்தா, அவளை அத்துவிட்டுட்டான்னு எங்க ஊர்ல அர்த்தம்.”

தெருமுனையில் ஹாரன் கேட்டது.

பானுப்பிரியா துரும்பை முந்தியில் முடிந்துகொண்டாள்.

“வழி விடுங்க. ஆபீஸ் வேன் வந்துருச்சு.”