குண்டூசிகூடக் குத்தாத மரம்

"ஆணி இருக்கா, ஆணி இருக்கான்னு படிச்சுப் படிச்சுக் கேட்டேனே டெய்லரே! காதுல என்ன பஞ்சா வச்சிருந்தீங்க?"

பக்கத்து வீட்டு டெய்லர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மரம் அறுக்கிற மிஷினில் ரம்பப் பட்டை அறுந்து தொங்கியது. மரத்துக்குள் ஒளிந்திருந்த ஏதோ ஒரு இரும்பு செய்த வேலை.

"வளர்த்த மரத்துல ஒரு குண்டூசிகூடக் குத்தினதில்லைன்னீங்க. இப்ப பொறி பறந்துச்சே, அது என்ன, மின்மினிப் பூச்சியா?"

கத்திய டிரைவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பிரேக் போட்டதெல்லாம் வண்டிக்கு மட்டும்தான், வாய்க்கு இல்லை. அதிலும் இன்று மாப்பிள்ளை வேறு வந்திருந்தார். அவர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே காலையிலிருந்து மிஷினைத் துடைத்து மினுக்கி வைத்திருந்தார் டிரைவர்.

வீட்டிலேயே வைத்து மரம் அறுக்கிற மிஷின். ரிடையரான கையோடு வாங்கியது. இருப்பதிலேயே விலை குறைந்தது. நாலு பெட்டியில் துண்டு துண்டாக வந்து இறங்கியது.

"ஏற்கெனவே உங்க பேச்சே அறுவை. இதுல மிஷின் வேறயா?" என்றாள் மனைவி.

முதல் பலகை ஒரு முனையில் ஒரு அங்குலம், மறுமுனையில் இரண்டு அங்குலம்.

"இது பலகையா, ஆப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

டிரைவர் விடவில்லை. மிஷின் நகர்கிற தண்டவாளம் மண்ணில் இறங்கியிருந்ததைத் தூக்கி, அடியில் கான்கிரீட் கட்டை வைத்து ரசமட்டம் பார்த்தார். ரம்பப் பட்டையில் மரப்பிசின் ஒட்டாமலிருக்க, மேலே ஒரு கேனைக் கட்டி, தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்தார். அளவு பார்க்கும் ஸ்டிக்கர் ஒரே வாரத்தில் உரிந்துபோக, டெய்லரிடம் ஒரு இன்ச் டேப் வாங்கி ஒட்டினார். மூன்றே மாதத்தில் பலகைகள் ஒரே கனத்தில் விழ ஆரம்பித்தன. மனைவி ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அப்போதுதான் காற்றில் டெய்லர் வீட்டு மரம் சாய்ந்தது. "நான் நட்டு வளர்த்தது சார். விறகாப் போக மனசு வரலை. துணி வெட்ட ஒரு மேஜைக்குப் பலகை அறுத்துக் குடுங்களேன்" என்று கேட்டார்.

இரண்டு பலகை அழகாக வந்தது. மூன்றாவதில்தான் இந்தக் கூத்து.

"விடுங்க மாமா, தெரிஞ்சா செய்வாரு?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை! மரம் வச்சவருக்கே மரத்துல என்ன இருக்குன்னு தெரியாதா? அடுத்தவன் பொருள்தானேன்னு அலட்சியம்!"

டெய்லர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார்.

"என் தப்புதான் சார். நாளைக்குப் புதுப் பட்டையோட வரேன்."

சொன்னபடியே மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அதை மாட்டுவதற்கு முன் அந்த இரும்பைத் தோண்டியெடுக்க வேண்டுமே! உளியோடு உட்கார்ந்தார் டிரைவர். டெய்லரைத் திட்டிக்கொண்டே தட்டினார். அரை மணி நேரத்தில் வெளியே வந்தது.

ஆணி இல்லை, போல்ட். சதுரத் தலை. தலையில் பஸ் டிப்போ பச்சைப் பெயின்ட்.

டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பஸ் சீட்டைத் தரையோடு சேர்த்துப் பிடிக்கிற போல்ட் அது. இந்தத் தெருவில் வேறு யாரிடமும் இருக்க வழியில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், தன் வீட்டுக்கு வரும் கேபிள் ஒயர் தொங்குகிறது என்று, டெய்லர் வீட்டு மரத்தில் ஏணி வைத்து ஏறி, துளை போட்டு இதை இறக்கி ஒயரைக் கட்டியவர் சாட்சாத் டிரைவரேதான். பிறகு டிஷ் வந்து ஒயர் போனது, மரம் போல்ட்டை மூடி வளர்ந்துவிட்டது. அவரும் மறந்துபோனார்.

"என்னங்க, ஆணி கிடைச்சுதா?" உள்ளேயிருந்து மனைவி.

"பார்த்துக்கிட்டே இருக்கேன்!"

போல்ட் பாக்கெட்டுக்குள் போனது. சாயங்காலம் மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பிவிடுவார். மாமனார் மானம் தப்பித்துவிடும்.

புதுப் பட்டையை மாட்டி அறுத்தார். பலகைகள் ஒன்றைவிட ஒன்று அழகாக விழுந்தன. "பிரமாதம் மாமா!" என்றார் மாப்பிள்ளை. டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷினைத் தள்ளும்போதெல்லாம் போல்ட் தொடையில் குத்தியது. நேற்று அந்த மனுஷன் தலைகுனிந்து நின்ற கோலம் கண்ணை விட்டுப் போகவில்லை. வெட்கமாக இருந்தது.

மத்தியானம் மிஷினை நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் என்கூட வாங்க."

"எங்க மாமா?"

"உங்க முன்னாடிதானே திட்டினேன். உங்க முன்னாடியே இதையும் செஞ்சிடறேன்."

டெய்லர் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தையல் மிஷின் மேல் போல்ட்டை வைத்தார் டிரைவர்.

"இது நான் அடிச்சது டெய்லரே. நான் பண்ணின தப்புக்கு உங்களைப் போய்… மன்னிச்சிடுங்க."

டெய்லர் பதறி எழுந்தார். "ஐயோ, என்ன சார் இது! உட்காருங்க. பொறி பறந்தப்பவே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு."

"அப்ப ஏன் அய்யா வாயைத் திறக்கலை? 'என் தப்பு'ன்னு பொய் வேற சொன்னீங்களே!"

டெய்லர் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்.

"பொய் இல்லை சார். அன்னைக்கு உங்களுக்கு ஏணியைப் பிடிச்சது நான்தானே!"