கடைசி ஜோடி

அலங்கார மீன்கடையின் ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு, தொட்டித் தண்ணீர் மாற்றும் ரப்பர் குழாயை மடக்கி ஓங்கி விளாசினான் மச்சினன்.

"அக்கா புருஷனாச்சேன்னு பாக்குறேன். சிவப்புக்கோட்டு மீன் ரெண்டும் எங்க மாமா?"

நாற்காலியில் கட்டுண்டிருந்த கடைக்காரர் ரத்தத்தைத் துப்பினார். "ஓடையில இருந்ததையெல்லாம் நீதான் வலை போட்டு அள்ளி வித்துட்ட. உலகத்துலயே மிச்சம் இந்த ஜோடிதான். குஞ்சு பொரிச்சு ஓடைக்கே போகணும்."

"வாங்குறவன் வெளிய கார்ல காத்துக்கிட்டிருக்கான். ஜோடியா, உயிரோட வேணுமாம்!"

எல்லாத் தொட்டியிலும் துழாவியாகிவிட்டது. ஆத்திரத்தில் மறுபடி விளாசினான். கடைக்காரரின் தலை தொங்கியது.

"மயக்கமா? நடிப்பா?" கதவோரம் தரை துடைக்கும் மாப் செருகியிருந்த வாளியைத் தூக்கினான்.

"வேணாண்டா!" அதுவரை முனகக்கூடச் செய்யாத கடைக்காரர் அலறினார்.

"அடிக்குப் பயப்படாத ஆளு அழுக்குத் தண்ணிக்கா பயப்படுறீங்க?"

வாளித் தண்ணீரை அவர் முகத்தில் வீசியடித்தான். ஓரெட்டு முன்னே வைத்துச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

தரையில் ஏதோ துள்ளியது. குனிந்து பார்த்தான். உடம்பு நெடுகச் சிவப்புக் கோடு!

"அடப்பாவி, இதுலயா ஒளிச்சு வெச்சீங்க? ஒண்ணுதானே இருக்கு... இன்னொண்ணு எங்க மாமா?"

"காலைத் தூக்கு மச்சான்."