ரெண்டும் ஒண்ணுதான்

"யாரோ அட்டெண்டன்ஸ்ல கை வைக்கிறாங்க சார்," என்றான் சல்லடை.

அந்த ஆபீஸ் புரோகிராமருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது. அடுத்தவன் செய்த வேலையில் ஒரு புள்ளி பிசகினாலும் சலித்து எடுத்து, நாலு பேர் முன்னால் கொட்டிக் காட்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

மேனேஜர் நிமிர்ந்தார். "எப்படிச் சொல்றே?"

"ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு தினம் ஆடி அசைஞ்சு வருது. ஒரு லேட் மார்க் கூட விழலை. வாசல் மெஷின் எழுதுற ஃபைல் ஒண்ணு, சம்பளப் பிரிவுக்குப் போற ஃபைல் ஒண்ணு. ரெண்டும் எக்ஸ்எம்எல்னு ஒரே அமைப்புதான். ஸ்டைல்ஷீட்னு ஒரு குட்டி புரோகிராம் எழுதிட்டாப் போதும், ரெண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு மாறின இடத்தை மட்டும் சிவப்பாக் காட்டிடும்."

"காட்டட்டும். மாத்தினது யாரா இருந்தாலும் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

மாற்றக்கூடிய இடத்தில் இருப்பவர் ஒரே ஒருவர்தான். ஃபைலைச் சம்பளப் பிரிவுக்கு அனுப்பிவைக்கும் அட்டெண்டன்ஸ் அக்கா. அவர் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது சல்லடைக்கும் தெரியும். அதற்கென்ன செய்வது, நியாயம் நியாயம்தானே.

அக்காவிடம் போய், போன மாதத்து ஃபைல் இரண்டையும் கேட்டான். அக்கா மறுபேச்சில்லாமல் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

மேனேஜர் அறையில், பெரிய திரையில், ஜம்பமாக ஓட்டினான். சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை.

"என்னப்பா, வெள்ளையும் சொள்ளையுமா இருக்கு?" என்றார் மேனேஜர்.

சல்லடைக்கு முகம் தொங்கிவிட்டது. "மறுபடி பார்த்துட்டு வரேன் சார்," என்று இடத்துக்கு வந்து குடைந்தான். அப்போதுதான் உறைத்தது. பெயர்தான் வேறே வேறே. உள்ளே இருப்பது ஒரே ஃபைல்.

அக்காவின் மேஜைக்குப் பாய்ந்தான். "யார் காதுலக்கா பூ சுத்தறீங்க? வாசல் மெஷினோட நிஜ ஃபைல் எங்கே? இப்பவே மேனேஜர்கிட்ட சொல்லப் போறேன்."

அக்கா அசரவில்லை. "தாராளமா சொல்லுங்க தம்பி. அதுக்கு முன்னால நீங்க மட்டும் தனியா ஒரு தடவை ஓட்டிப் பாருங்க." நிஜ ஃபைலை அனுப்பிவைத்தார்.

ஓட்டினான். திரை முழுக்கச் சிவப்பு. அடித்தது யோகம் என்று குனிந்து ஊழியர் எண்ணைப் பார்த்தான். சிவப்பான எல்லா வரியிலும் ஒரே எண்.

அவனுடைய எண்.

ரிசப்ஷன் பெண்ணின் வரியில் ஒரு மாற்றமும் இல்லை. பாவம், ஆடி அசைந்து வந்தாலும் அது நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது.

போன மாதம் அவன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். காலையில் அவருக்கு ஊட்டிவிட்டு ஓடி வருவதற்குள் தினமும் தாமதம். ஆனால் லேட் மார்க் விழவில்லை. வாசல் மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சல்லடை ஐயா யாரிடமும் மூச்சே விடவில்லை.

"ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க?" என்று அக்காவின் மேஜைக்கே திரும்பி வந்து கேட்டான்.

"லேட் மார்க் சேர்ந்தா சம்பளத்துல கை வைப்பாங்க. ஆஸ்பத்திரிக்கும் போயாகணும். நீங்களோ வாய்விட்டு ஒருத்தர்கிட்ட கேட்கிற ஆளில்லை." சொல்லிவிட்டு அக்கா தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

சல்லடையை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்டைல்ஷீட்டைத் திறந்தான். இரண்டாவது ஃபைலின் பெயர் இருந்த இடத்தில், முதல் ஃபைலின் பெயரையே மறுபடி எழுதினான். மேனேஜர் அறைக்குப் போய் ஓட்டிக் காட்டினான். திரை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

மேனேஜர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நல்லதாப் போச்சு. போன மாசத்தோட நிறுத்திக்கோப்பா. அதுக்கு முந்தின மாசத்தையெல்லாம் போட்டுக் கிளறாதே," என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்பதான் என் பொண்ணைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம்."