மூன்றாவது விசில்

இதய ஆபரேஷனுக்குப் பிறகு பூங்கோதை முதல்முறையாக மலையேறப் போகிறாள். டாக்டர் சரியென்றுவிட்டார், நான்தான் இன்னும் சொல்லவில்லை. மாடிப்படிக்கே மூச்சு வாங்கும் நான் அவளுக்கு முதலுதவிப் பை கட்டினேன். தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க, ஆஸ்பத்திரியையே கட்டியிருக்கீங்களா?" காய்ச்சல் மாத்திரை அட்டையைப் பாதியாக வெட்டினாள். தீக்காயக் களிம்பை என் கையில் வைத்தாள். "இது உங்களுக்கு. நான் வர்ற வரைக்கும் சமையல் நீங்கதானே." விசிலை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "ஆபத்துன்னா மூணு தடவை ஊதணுமாம். கேட்டா ஓடி வருவீங்களா?" "உருண்டாவது வருவேன்" என்றேன். தெருமுனையில் அவள் ஏறிய வேன் உறுமியது. பிறகு விசில் கேட்டது, ஒருமுறை. இன்னொருமுறை. ஒற்றைச் செருப்போடு வாசலில் நிற்கிறேன்.